படத்தில் மறைந்த கட்டி

தங்கச்சி,

இருப்புக்கொள்ளாமல் எழுதுகிறேன். எனக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டது. மேமோகிராம் என்ற எக்ஸ்ரே படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். மனம் கேட்காமல் மறுபடி போனேன், அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிந்துவிட்டது. சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது.

"நம்ம பொண்ணுங்க பலருக்கு மார்பு அடர்த்தியா இருக்கும், அந்தப் படத்துல கட்டி மறைஞ்சிடும். சின்ன வயசுலயே வேற வருது," என்றார் டாக்டரம்மா. "கூடப்பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் வரலாம்."

"தங்கச்சி இருக்கா. அவ கல்யாணத்துலேருந்து பேச்சுவார்த்தை இல்ல."

"உங்க சண்டை நோய்க்குத் தெரியாதும்மா."

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. ஆரம்பம்தான், குணமாகிவிடும் என்கிறார். கடைக்கு வந்த துணியையெல்லாம் தைத்துத் தள்ளுகிறேன். கை நின்றால் பயம் வந்துவிடுகிறது.

எனக்காக நீ வரவேண்டாம். ஆனால் படத்தோடு நிறுத்தாமல் ஸ்கேனும் எடுத்துக்கொள். என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல். திட்டிக்கொண்டே சொன்னாலும் சரி.

உன் அக்கா