அடுப்புச் சாமியின் வாயில் தேன்

மெங்லெம்பு, ஈப்போ
பன்னிரண்டாம் நிலவு மாதம், பத்தாம் நாள்

என் அன்புக்குரிய சியூ லான்,

நலமா? மெங்லெம்புக் கண்ணாடிப் பேரரசின் தளபதியும், எண்திசைப் போத்தல்களின் காவலனுமான உன் சித்தப்பா கம் வா எழுதுவது. போனில் சொன்னால் வழக்கமான என் புளுகு என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கூரியர். பேரரசு, அதாவது நம் போத்தல் தொழிற்சாலை, இப்போது ஒரே கல்லாக உறைந்து கிடக்கிறது. உட்கார்ந்து படி.

அன்றைக்கு உன் அப்பாவிடம் நீ வரைந்த மின்சார உலையின் வரைபடத்தைக் காட்டினாய். "இது என்ன, பெரிய ரைஸ் குக்கரா? நீ இதுல சோறாக்கு, நான் போத்தல் செய்யறேன்" என்றார். அந்த வாரமே நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறினாய். அப்போது நம் உலைக்கு ஊற்றும் எண்ணெய் மலிவு. கணக்கு அவர் பக்கம் நின்றது. இனி விடுகிற கரிப்புகைக்கெல்லாம் வரி வரும் என்றதும் கணக்கு கட்சி மாறிவிட்டது. எதிர்த்தெரு ஓட்டுச்சூளை ஆ சாய்கூட மின்சாரத்துக்குப் போய்விட்டான். அவன் புகைபோக்கியில் புறாக்கள் மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகின்றன. அண்ணன் மட்டும் அசையவில்லை. ரைஸ் குக்கர் என்று சிரித்த வாய் எப்படி அதையே கேட்கும்?

பதிலுக்கு ஒரு தந்திரம் செய்தார். வரி போடுமுன் நம் புகையை அளக்க நோர்ஹயாத்தி என்ற பெண் அதிகாரி வந்தாள். நம் அடுப்புச் சாமி வருடக் கடைசியில் மேலே போய் விண்ணரசரிடம் நம்மைப் பற்றிச் சொல்லுமுன் அவர் வாயில் தேன் தடவுவோமே, அந்த மரியாதை அவளுக்கும் நடந்தது. பசையரிசிப் பலகாரத்தை நீட்டி, "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்றார். எதில் செய்தது, பன்றிக்கொழுப்பு சேரவில்லையே என்று விசாரித்துவிட்டு இரண்டு துண்டு தின்றாள். "என் வாய் ஒட்டிக்கும் அங்கிள். இந்தக் கருவிக்கு வாயே இல்லையே" என்றாள். மறுநாள் அளப்பதாகச் சொல்லிப் போனாள்.

அன்று மாலை உலைத் தீயைப் பாதியாக இறக்கச் சொன்னார் அண்ணன். குறைந்த புகை, குறைந்த வரி. நான் காலில் விழாத குறை. "ஒரு ராத்திரிதானடா. கண்ணாடி என்ன கைக்குழந்தையா, சளி பிடிக்க?" என்றார்.

நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அணையாத உலை அது. காலையில் தீயை ஏற்றினால் பழைய எரிமுனைகள் இருமிக்கொண்டு அணைந்தன. உலையின் மேல்வளைவு வெடித்தது. அந்தச் சத்தத்தில் சுமத்ராவில் தவளைகள் ஊமையாயின. உள்ளே இருந்த கண்ணாடி முழுவதும் பாறையாக இறுகிவிட்டது. நோர்ஹயாத்தி வந்தபோது அளக்கப் புகையே இல்லை. சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றாள். கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

நம்மிடம் போத்தல் வாங்கும் சோயாச்சாறு முதலாளி, புத்தாண்டுக்குப் பிறகு வேறிடத்தில் போத்தல் பார்க்கிறாராம். ஆட்கள் தினமும் வந்து குளிர்ந்த உலையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அண்ணன் வீட்டை அடமானம் வைத்து, அதே எண்ணெய் உலையைத் திரும்பக் கட்டப்போகிறார். இருபத்துநான்காம் நாள், சாமி மேலே போகும் நாளன்று, கையெழுத்து. அதைக் கட்டினால் வரி வந்து உலையோடு வீட்டையும் விழுங்கும். அது அவருக்கும் தெரியும். நான் கத்தியபோது, "வேற என்னடா தெரியும் எனக்கு" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. சொல்வதற்கு ஒரு நகைச்சுவை தேடினேன் மகளே. கிடைக்கவில்லை.

நீ வரைந்ததைக் கட்ட உன்னைத் தவிர எங்களுக்கு யாரையும் தெரியாது. அவர் உன்னைக் கூப்பிட மாட்டார். ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும், "அங்க இப்ப மணி என்ன?" என்கிறார். என்னைப் பார்த்துக் கேட்பதில்லை. சோற்றைப் பார்த்துக் கேட்கிறார். நேற்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். "இல்லடா, குளிர்காலத்துல ஏழு மணி வித்தியாசம்" என்று திருத்தினார்.

இந்த வருடம் சாமியின் வாயில் நான் தேன் தடவப்போவதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். அவர் மேலே ஏறுமுன் நீ இங்கே வந்து இறங்கு.

குளிர் தாக்காமல், பசி அறியாமல், நூறாண்டு இரு. மேசையில் தினமும் உன் கிண்ணமும் வைக்கப்படுகிறது. வைப்பது நான் அல்ல.

உன் சித்தப்பா,
கம் வா