மேகத் திமிங்கிலத்துக்கு எத்தனை மார்க்?

மறைமலை நகர்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெரூஷாவுக்கு,

ஸ்தோத்திரம். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். ஆனால் ஆட்கள் சேகரிக்கும் படக் கார்டுகளைப் பார்த்து மார்க் போடும் கம்பெனியில் நீ சேர்ந்திருப்பதாக உன் தங்கை பிளஸ்ஸி சொன்னாள். கார்டோடு வரும் குறிப்பை, மார்க் போடுகிறவர் படித்தே ஆகவேண்டும் என்று உங்கள் வெப்சைட்டில் பார்த்தேன். உடனே பேனா வாங்கினேன்.

இத்துடன் நம் மேகத் திமிங்கிலக் கார்டு வருகிறது. கல்யாணமான புதிதில் தி.நகரில் விளையாட்டுக்கு ஒரு பாக்கெட் கார்டு வாங்கி, தாம்பரம் ரயிலில் நீ பல்லால் கிழித்தாயே, அதில் வந்தது. அபூர்வமான கார்டு என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. மேல் மூலையில் உன் பல் பட்ட தடம் அப்படியே இருக்கிறது. பத்துக்கு எத்தனை வரும் என்று பார்த்துச் சொல்.

நீ போனபிறகு வீட்டில் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மெர்வின்

இரும்புலியூர்
23 ஆகஸ்ட் 2025

மெர்வினுக்கு,

உறவுக்காரர்களின் கார்டை நாங்கள் தொடக்கூடாது. ஆனால் ஆபீசில் போய் ‘இது என் வீட்டுக்காரருடையது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே பார்த்தேன்.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய ரூமில், ஒற்றை விளக்கின் கீழ் கார்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் திமிங்கிலம் மேகத்துக்குள் மெதுவாகப் புரண்டு வயிற்றைக் காட்டியது. ரூம் முழுக்க வெள்ளி வெளிச்சம். ரயில் சத்தம்கூடக் கேட்டமாதிரி இருந்தது. எங்கே இருக்கிறேன் என்பதே சற்று நேரம் மறந்துபோனது.

எட்டு. மூலைக்காகத்தான் குறைந்தது. பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து ஒட்டியிருக்கிறேன், இனி காற்றும் படாது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜெரூஷா

மறைமலை நகர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜெரூஷாவுக்கு,

எட்டா? ஃபேக்டரியில் நாள் முழுக்க உதிரி பாகங்களை அளந்து தள்ளுகிறவன் நான். எனக்கென்னவோ அது ஒன்பது. பெட்டியை உடைத்து மறுபடி அனுப்புகிறேன். சேகரிப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். இன்னொரு நாள் பார்த்தால் ஒரு மார்க் கூடாதா என்ற ஆசைதான்.

நேற்று ஒரு கனவு. திமிங்கிலம் ஜிஎஸ்டி ரோட்டுக்கு மேலே மிதந்து போகிறது. கீழே லாரிகள் எல்லாம் ஹார்ன் அடிக்காமல் நிற்கின்றன. அதன் முதுகில் ஈரத்தலையோடு நீ உட்கார்ந்திருக்கிறாய். கூப்பிட்டேன், நீ திரும்பவில்லை. முழித்த பிறகும் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மெர்வின்

இரும்புலியூர்
2 அக்டோபர் 2025

மெர்வினுக்கு,

இப்போது ஏழு. பெட்டியை நெம்பியபோது கீழ் ஓரத்தில் கீறிவிட்டீர்கள். ஏறும் என்று பார்த்தது இறங்கிவிட்டது.

எங்களிடம் வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் தெரியுமா? எல்லாருக்கும் பத்து வேண்டும். பத்து வராவிட்டால் எங்கள் கண்ணில்தான் கோளாறு. போன வாரம் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனுடைய கார்டோடு வந்தார். “நெம்பரெல்லாம் வாணாம்மா. இது நெஜ கார்டா, டூப்பா? அத்த மட்டும் சொல்லு” என்றார். அப்படிக் கேட்பவர்களுக்கு நாங்கள் எண் போடுவதில்லை. ‘அசல்’ என்று மட்டும் அச்சடித்து ஒட்டிக் கொடுப்போம். அந்த அம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் ஒரு நாளாவது அப்படிக் கேட்டதுண்டா? என் சாம்பாருக்கு ஆறு. பாடகர் குழுவில் நான் பாடினால் ஏழு. உங்கள் நண்பர்கள் முன்னால் நான் பேசியதற்கு நாலு. கேட்டால் விளையாட்டுக்கு என்பீர்கள். உங்களுக்கு விளையாட்டு, எனக்குத் தினமும் பரீட்சை. எழுதி எழுதி அலுத்துத்தான் கிளம்பி வந்தேன்.

மறுபடி மார்க் கேட்டு அனுப்பினால் ஆபீசில் உண்மையைச் சொல்லிவிடுவேன். அப்புறம் என்னோடு மார்க் போடும் தீனா சார்தான் பார்ப்பார். உங்கள் குறிப்பையும் அவர்தான் படிப்பார்.

ஜெரூஷா

மறைமலை நகர்
26 அக்டோபர் 2025

ஜெரூ,

பெட்டியை நான் உடைக்கவில்லை. நீ ஒட்டியபடியே அனுப்புகிறேன்.

எண் வேண்டாம். அந்தப் பெரும்பாக்கத்து அம்மா கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். அசலா இல்லையா, அது மட்டும் போதும். கார்டை மட்டும் சொல்லவில்லை.

நேற்று நானே சாம்பார் வைத்தேன். உன் சாம்பாருக்கு ஆறு போட்டவன் கையில் கிடைத்தால் இரண்டு அறை வைக்கலாம் என்றிருக்கிறது.

இதைத் தீனா சார் படிக்க நேர்ந்தால், அவருக்கும் என் ஸ்தோத்திரம்.

மெர்வின்

இரும்புலியூர்
5 நவம்பர் 2025

அன்புள்ள மெர்வின்,

தீனா சார் படிக்கவில்லை. கார்டை விளக்கடிக்குக் கொண்டுபோகவில்லை. பெட்டியைப் பக்குவமாகத் திறந்து, மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தண்ணீர் தேங்கிய இடத்திலெல்லாம் வானம் கிடந்தது. கையில் திமிங்கிலம், காலடியில் மேகம். ரொம்ப நேரம் நின்றேன். பிளஸ்ஸி கீழேயிருந்து “அக்கா, டீ ஆறுது!” என்று கத்தினாள்.

அசல்தான். ரயிலில் பல்லால் கிழித்த அன்றே எனக்குத் தெரியும்.

ஆனால் கார்டைக் கூரியரில் அனுப்பப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்று நான் தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, எப்படி இருந்தது என்று உங்களைக் கேட்பேன்.

யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

ஜெரூ