இருவருக்கும் ஒரே கணக்கு

மார்ச் 4

என் வாயாடிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதிக்கொள்வோம் என்றாய். எழுதுகிறேன். ஆனால் சண்டை பேனாவிலும் வரும் போலிருக்கிறது.

நேற்று மூக்குக் கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு வந்து, நாம் இருவரும் ஒரே கணக்கில் பாட்டு கேட்கிற ஆப்பைத் திறந்தேன். பாதிப் பாட்டில் என் பக்கம் நின்றுபோயிற்று. 'வேறு போனில் ஒலிக்கிறது' என்றது. நீதான். என்ன கேட்கிறாய் என்று பார்த்தேன். யாரோ ஒரு பெண் புரியாத மொழியில் அழுகிறாள். பாட்டுப் பட்டியலின் பெயர் 'டியூட்டி முடிஞ்சாச்சு'. உனக்கு அனுப்பியவர் பெயர் 'எக்ஸ்ரே'.

யார் அந்த எக்ஸ்ரே?

இங்கே அலமாரி நிறைய இசைத்தட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் தேடித் தேடி வாங்கியது. இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது "இதைப் போடுங்க" என்று கேட்டிருக்கிறாயா?

உன் கணவன்

மார்ச் 11

என்னங்க,

உங்கள் கடிதத்தை வார்டில் நின்றபடியே படித்தேன். முடிப்பதற்குள் இரண்டு நோயாளிகள் மணி அடித்துவிட்டார்கள்.

எக்ஸ்ரே, எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். டியூட்டி முடிந்து, அவர் அனுப்புகிற பாட்டை என் போனில் கேட்டபடி பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடப்போம். சில நாள் நாலைந்து பேர், சில நாள் நாங்கள் இருவர் மட்டும். மனுஷருக்குள் எலும்பைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாதவர். பயப்படாதீர்கள்.

கேட்டதே இல்லை என்கிறீர்கள். கல்யாணமான புதிதில் நானே ஓர் இசைத்தட்டை எடுத்துப் போடப் போனேன். உங்கள் சிநேகிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "விரல் பட்டா போச்சு, குடு இங்க" என்று பிடுங்கித் துடைத்தீர்கள். அவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு தூசி தட்டக்கூட அந்த அலமாரியை நான் திறக்கவில்லை. எனக்குப் பாட்டு பிடிக்கும் என்பதே இந்த ஊருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 19

வாயாடி,

ஆப்பின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கோபத்தில் செய்தது. கோபம் இன்னும் தணியவில்லை, அதனால் திரும்ப மாற்றவில்லை.

இன்னொன்றும் செய்தேன். அந்த அழுகிற பெண்ணின் இசைத்தட்டைக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்தேன். ஆப்பில் ஓடுகிற வாடகைப் பாட்டு அவனுக்கு, காசு கொடுத்து வாங்கிய சொந்தப் பாட்டு எனக்கு என்ற வீம்பில்தான் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு நன்றாக இருந்தது. என்னையறியாமல் மறுபடியும் போட்டேன். நல்ல பாட்டாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. அவள் குரல் இறங்குகிற இடத்தில் அவன் உன்னைத் திரும்பிப் பார்த்திருப்பான் என்று தோன்றியது. மறுநாள் கடையில் ஒருவருக்கு வலக்கண் கண்ணாடியை இடக்கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரலில் லீவுக்கு வருகிறாய் அல்லவா? வந்தால் திரும்பிப் போக வேண்டாம். அந்த வேலையே வேண்டாம்.

உன் கணவன்

மார்ச் 27

என்னங்க,

பாட்டு நின்றதுமே புரிந்துகொண்டேன். அதே ஆப்பில் என் சம்பளத்தில் தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்துவிட்டேன்.

குரல் இறங்குகிற அந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்ததில்லை. ரோட்டைப் பார்த்துத்தான் நடப்பார். உங்கள் கடிதம் வந்த பிறகு, பார்க்கிறாரா என்று நான்தான் பார்க்க ஆரம்பித்தேன். முன்பு அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை. இப்போது தினமும் பார்க்கிறேன்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. போன வாரம் பஸ் நிறுத்தத்தில், "என்ன சிஸ்டர், பாட்டு பிடிக்கலையா? பேசாமலே வர்றீங்க" என்றார். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. யார் என்று முதலில் கேட்டது நீங்கள்தானே.

ஏப்ரலில் நான் வரவில்லை. லீவை வேறொரு சிஸ்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

வாயாடி