டோரீனின் வெள்ளைக் காய்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மா மருந்தை ஒழுங்காக எடுக்கிறாவா? நான் சுகம். போனில் "ஓம், ஓம்" என்று வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இங்கே லண்டனில், ஹவுன்ஸ்லோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் டோரீன் என்றொரு அம்மா இருக்கிறார். 1950களில் பெண்கள் அணிகளுக்கான சர்வதேச செஸ் போட்டியில் விளையாடியவர். வெல்லப்போன ஆட்டத்தில், அணிக்கு அரைப் புள்ளி போதும் என்று கப்டன் அவரைச் சமநிலைக்குச் சம்மதிக்க வைத்தாராம். அந்த ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து இன்றும் அடுக்கி, எங்களில் ஒருவரைக் கறுப்புக்கு இருத்தி, தினமும் வெல்கிறார்.

என்னோடு வேலை செய்யும் மங்கை அக்கா முதலே சொன்னார்: "தம்பி, மனிசிக்கு விட்டுக்குடு. அதுக்கும் சேர்த்துத்தான் சம்பளம்."

வயதானவர்களுக்குப் பொய் சொல்வதை இங்கே பராமரிப்பு என்கிறார்கள். எனக்கு ஏலவில்லை. என் முறை வந்தபோது கறுப்புக் குதிரையைப் பின்னுக்கு எடுத்தேன். அவருடைய தாக்குதல் நின்றுவிட்டது.

டோரீன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கப்டன் சொன்னது சரியா?" என்றார். தெரியாது என்றேன். "நாளைக்கும் நீயே வா. மற்றவர்கள் வேண்டாம்," என்றார்.

காய்கள் நின்ற இடங்களைப் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். வாசிகசாலையில் உங்கள் செஸ் கூட்டாளிகளோடு இருந்து பாருங்கள். என்னோடு இருந்து யோசிக்க இங்கே ஒருவரும் இல்லை. யாராவது வந்தால் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளைக்கு வெல்ல வழி இருந்தால் உடனே எழுதுங்கள். கப்டன்தான் பிழை என்று அவரிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அதை இன்னொரு பொய்யாகச் சொல்ல மாட்டேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
பவித்திரன்