கழற்ற முடியாத மட்கார்டு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பட்டறையும் சௌக்கியம். மாமாவின் முதுகு எப்படி இருக்கிறது? ஆபரேஷனைச் சாக்கு வைத்து உன்னை ஓடவிட்டுப் படுத்துக்கொண்டிருக்கிறாரா?

பேப்பரில் பார்த்தேன். நாற்பது வருஷமாக மாறாத நம்ம கரடி ஜீப்பை உங்கள் கம்பெனி புதிதாக வடிவமைக்கிறதாம். அதை வரைகிற அறையில் என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள், எனக்குச் செய்தி பேப்பர்காரன் மூலமாக வருகிறது. நல்ல குடும்பம்!

ஞாயிற்றுக்கிழமை கரடி வைத்திருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளரான என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். நீ அங்கே வேலை பார்ப்பதைப் பற்றி நான் மூச்சுகூட விடவில்லை. பல் டாக்டருக்கு நல்ல பிரேக் வேண்டும். பால் வண்டிக்காரருக்கு மழை ஒழுகாத கதவு வேண்டும். ஆசை அவ்வளவுதான், பயம்தான் பெரிசு. "மட்கார்டுல மட்டும் கை வெச்சாங்கன்னா கம்பெனி வாசல்ல போய் உக்காந்துடுவேன்" என்றார் தலைவர். நானும் அவர் கட்சிதான். பாறையில் இடித்தால் ஆறு போல்டைக் கழற்றி, சுத்தியலால் நிமிர்த்தி, அரை மணியில் திரும்ப மாட்டலாம். காட்டுப் பாதையில் கரடி யாரையும் நட்டாற்றில் விட்டதில்லை என்றால் அதுதான் காரணம். அதைப் பாடியோடு வெல்டு வைத்துவிடுவார்களோ?

ஒரு வரி போடு. இல்லாவிட்டால் உன்னோடு டூ.

உன் தம்பி

ஜனவரி 27

அன்பு வாலுக்கு,

உன் டூவுக்குப் பயந்து எழுதுகிறேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போகிறார்.

எதுவும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேனடா. கேட்டிலேயே ஃபோனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. நடுவில் களிமண்ணால் செய்த முழு அளவு வண்டி, மேலே சாம்பல் நிறத் துணி. வெளியில் மழையா வெயிலா என்பதே சாயங்காலம்தான் தெரியும். அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் செய். உங்கள் ஆட்கள் அவரவர் கரடியில் என்னென்ன மாற்றிக்கொண்டார்கள் என்று எழுதி வாங்கி அனுப்பு. ஏன் என்று கேட்காதே. போல்டுக்காகத்தான் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நூற்று எண்பத்து நான்கு தாள் அனுப்பியிருக்கிறேன். தூக்கும்போது மாமாவைத் துணைக்குக் கூப்பிடாதே, முதுகு போய்விடும்.

கேட்டதுதான் தாமதம், கல்யாணப் பத்திரிகை மாதிரி அலங்காரமாக எழுதிக் கொடுத்தார்கள். சீட்டை மாற்றாத ஆளே இல்லை. பல் டாக்டர் கிளினிக்கில் கழித்துப்போட்ட நாற்காலியை உள்ளே வைத்திருக்கிறார். சாய்த்துவிட்டு நம் வாயைத் திறக்கச் சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது. தொண்ணூறு பேர் பெரிய டயருக்காக மட்கார்டை வெட்டியிருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தன். வெட்டியது பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிக்கொள்ளலாமே, அந்தத் தைரியம்தான்.

"யாருக்கு அனுப்புறே?" என்று தலைவர் கேட்டார். "நம்ம வண்டியை நேசிக்கிற ஆளுக்கு" என்றேன். பொய் இல்லையே?

உன் தம்பி

ஜூன் 3

அக்கா,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இன்று பேப்பரில் புது வண்டியின் படம் வந்திருக்கிறது. மட்கார்டும் பாடியும் ஒரே தகடு. கீழே ஒரு வரி: "கரடி வைத்திருப்போர் சங்கத்தின் ஆலோசனையோடு உருவாக்கப்பட்டது."

யார் ஆலோசனை சொன்னது? காலையிலிருந்து ஃபோன் ஓயவில்லை. எங்களை விற்றுவிட்டாயா என்று கேட்கிறார்கள். பால் வண்டிக்காரர் நேரில் வந்து, தன் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். வேலை பாதியில் கிடந்தது.

என்ன நடந்தது என்று சொல்.

தம்பி

ஜூன் 15

அன்பு வாலுக்கு,

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நாலு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தேன். இனி முடியாது.

உன் தாள்களை மேஜைமேல் வைத்தது நான்தான். கழற்றி மாற்ற முடிவதால்தான் இவர்கள் இந்த வண்டியை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று வாதாடத்தான் வைத்தேன். மேனேஜர் புரட்டிப் பார்த்தார். "சீட் பிடிக்கல, மாத்திட்டாங்க. மட்கார்டைத் தொண்ணூறு பேர் வெட்டியே எறிஞ்சிருக்காங்க. அவங்களுக்கே பிடிக்காததை நாம எதுக்குக் கட்டிக்காக்கணும்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்புறம் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார். "இது எப்படி வந்துச்சு? சங்கத்துகிட்ட முறைப்படி ஆலோசனை கேட்டோம்னு எழுதிக்கவா, இல்ல நீங்க கையெழுத்தை மீறி வெளியில பேசினீங்கன்னு எழுதிக்கவா?"

இந்த வீட்டில் இப்போது என் சம்பளம் ஒன்றுதான். "முதல்ல சொன்னதையே எழுதிக்குங்க சார்" என்றேன். அந்த வரி அப்படித்தான் வந்தது. அந்த மட்கார்டை வரைந்ததும் நான்தான். மூன்று மாதம், தினமும், அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து வரைந்தேன்.

இந்தக் கடிதத்தை உன் ஆட்களிடம் காட்டு. நீ துரோகி இல்லை என்று தெரிந்துவிடும். என் வேலை போகும், போகட்டும். முடிவை உன்னிடமே விட்டுவிட்டேன்.

அக்கா

ஜூன் 29

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் கூட்டம். நாற்பது பேர் நின்றார்கள். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. தலைவர் எழுந்து, "ஒரே ஒரு கேள்விதான் தம்பி. ஆலோசனை சொன்னது நீயா?" என்றார்.

"ஆமாங்க, நான்தான்" என்றேன்.

பல் டாக்டர், "ஏன்டா?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ரப்பர் ஸ்டாம்பையும் உறுப்பினர் புத்தகத்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். கடிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

மகனுக்கு முடி வெட்டிவிட்டால் மகனையே பிடிக்கவில்லை என்றா அர்த்தம்? உன் மேனேஜரிடம் கேட்டுச் சொல். வேண்டாம், நீ கேட்க மாட்டாய்.

நான் பாசத்தால் இதைச் செய்தேன் என்று நினைத்து அழாதே. எனக்கு உன்மேல் கொலைவெறி வருகிறது. முடிவை என்னிடமே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். மாமா படுத்துக்கிடக்கும்போது அக்காவைக் காட்டிக்கொடுப்பதெல்லாம் ஒரு வழியா? நீ என்னை எங்கே விட்டாய், சொல்? உன் மேனேஜர் உன்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் நீ தபாலில் என்னிடம் கேட்டாய். நானும் உன்னை மாதிரியே பதில் சொல்லிவிட்டேன்.

மாமாவை நடக்கச் சொல். புது வண்டி இடிபட்டு என் பட்டறைக்கு வந்தால், அறுத்தாவது சரிசெய்து கொடுப்பேன். அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ மட்டும் கொஞ்ச காலம் இந்தப் பக்கம் வராதே.

தம்பி