பத்தாயிரம் வாலாவும் நாலு பாட்டிலும்

3.9.1993, வெள்ளி

பதின்மூன்றாம் நாள். குடிக்கவில்லை. மோர், டீ, மிளகுக் கஷாயம் எல்லாம் குடித்தேன். அதெல்லாம் சேர்த்தி இல்லை.

டாக்டர் சொல்லித்தான் எழுதுகிறேன். "உங்க கல்லீரல் ரிட்டயர்மென்ட் கேக்குது முனிரத்தினம். தினம் ஒரு வரியாவது எழுதுங்க" என்றார். இருபது வருஷம் இராணுவ லாரிக்கு லாக் புத்தகம் எழுதியவனுக்கு இதென்ன பிரமாதம். வண்டி ஓடியது, நின்றது. அவ்வளவுதானே.

சாயங்காலம் எதிர்வீட்டு கஸ்தூரிரங்கன் சார் வந்தார். பாங்க் ஆபீசர், காலனி சங்கத்துச் செயலாளர். கையில் நாலாக மடித்த மஞ்சள் பை, பாட்டிலைச் சுற்றுவதற்குப் பழைய பேப்பர். "கோட்டா வந்துதா சார்? தொண்டை கட்டிண்டிருக்கு" என்றார். மாசா மாசம் முதல் வாரத்தில் தவறாமல் கட்டிக்கொள்ளும் தொண்டை. மிலிட்டரி கேன்டீனில் எனக்கு மாதம் நாலு பாட்டில் ரம். ஒன்றை அவர் பையில் போட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். தனக்கோடி கதவு மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி இல்லை, இன்டெலிஜென்ஸ் டிபார்ட்மென்ட்.

8.9.93

பதினெட்டு. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் லாரி டயர் வெடித்தது. கண் திறந்தபோது பழவண்டிக்கு அடியில் கிடந்தேன். பழக்காரம்மா, "இன்னா சார், காசு உருண்டுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். பாவம், அவளும் குனிந்து தேடினாள்.

19.9.93, ஞாயிறு

இருபத்தொன்பது. நாக்கு வறண்டால் டிவி பார்க்கிறேன். அதில் ஒரே தீபாவளி விளம்பரம். பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புதுசு வாங்கு, பழைய ஸ்கூட்டரைக் கொடுத்துப் புதுசு வாங்கு. பழைய மனுஷனைக் கொடுத்தால் யார் எடுப்பார்கள்?

செம்பாக்கத்தில் நெல் போட்ட எங்கள் நிலமெல்லாம் பிளாட்டாகிவிட்டது. விற்றுக் கொடுத்தவன் என் மச்சான் சிட்டிபாபு. காசு வந்ததும் ஆளுக்கு ஒரு கலர் டிவி, ஆளுக்கு ஒரு சோபா. எந்த வீட்டிலும் சோபாவின் பாலிதீன் கவரைக் கழற்றவில்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. உட்கார்ந்தால் ஒட்டுகிறது, எழுந்தால் கத்துகிறது. ஆனாலும் அடுத்த சோபாவுக்கு விலை விசாரிக்கிறார்கள். எனக்கு ரம் போல அவர்களுக்கு இது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம், சோபா வாங்கியவனை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை.

என்னையும் ஊர் வாங்கி வைத்திருக்கிறது. காலனியில் என் பெயர் 'கோட்டா சார்'. கிரகப்பிரவேசம் முடிந்த சாயங்காலம் ஆம்பளைகள் மொட்டை மாடிக்குப் போவார்கள். "கோட்டா சாரைக் கூப்பிடு" என்பார்கள். போனால் முதல் கிளாஸ் எனக்கு. மரியாதைதான். கோட்டாவை நிறுத்தினால் இந்தத் தெருவில் யார் நம் வீட்டுக் கேட்டைத் திறப்பார்கள்?

1.10.93

நாற்பத்தொன்று. கேன்டீன் நாள். நாளை காந்தி ஜெயந்தி, கடை கிடையாது. ஆகவே இன்று சாயங்காலம் என் கேட்டில் மூன்று மஞ்சள் பை. மூன்று பாட்டில் போயிற்று. நாலாவது? சிட்டிபாபு கேட்டான், இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அரிசி டிரம்மில் முழங்கை ஆழத்தில் புதைத்து வைத்தேன். குடிக்க இல்லை. சும்மா. இருக்கட்டும் என்று.

சும்மாவாம். எழுதும்போதே கை கூசுகிறது.

17.10.93

ஐம்பத்தேழு. சிட்டிபாபு பெரிய அட்டைப்பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். "மாமா, உன் பட்டாசு சீட்டு. அணுகுண்டு மட்டும் ரெண்டு பாக்கெட்டு கீது" என்றான். ஜனவரியில் அவன் வீட்டில் தீபாவளிச் சீட்டு போட்டார்கள். தெருவே சேர்ந்தது, நானும் சேர்ந்தேன். மிலிட்டரிக்காரன் எனக்குப் பட்டாசு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆக, வெடிச் சத்தம் கேட்டால் வண்டிக்கடியில் பாயும் ஆசாமி மாதாமாதம் பணம் கட்டி அணுகுண்டு வாங்கியிருக்கிறேன். என்னைப் போல ஒரு புத்திசாலியை மெடல் கொடுத்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். போன தீபாவளிக்கு அங்கேதான் நான் இருந்தேன், விடிகாலை முதல் குடித்துவிட்டு. தனக்கோடி புதுப் புடவையோடு தரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ராத்திரி வரைக்கும்.

31.10.93

எழுபத்தொன்று. சங்கக் கூட்டம். கஸ்தூரிரங்கன் சார் எழுந்து அறிவித்தார்: "இந்த வருஷம் ஏரிக்கரை மைதானத்துல பத்தாயிரம் வாலா. நாட்டுக்காகச் சண்டை போட்டவர் கையால பத்த வெக்கணும்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மடையன்.

பத்தாயிரம். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கு மேல் முடியவில்லை. குடிக்காமல் அந்தத் திரிக்குப் பக்கத்தில் என்னால் நிற்க முடியாது. குடித்தால் எழுபத்தொரு நாளும் போச்சு.

10.11.93, புதன்

எண்பத்தொன்று. தெருமுனையில் இப்போதே வெடிக்கிறார்கள். பகல் பதினோரு மணிக்கு மூன்று அணுகுண்டு வரிசையாக. உடம்பெல்லாம் வேர்த்து அரிசி டிரம்முக்குள் கையை விட்டேன். அரிசி. அரிசி. அடிவரைக்கும் அரிசிதான். பாட்டில் இல்லை.

திரும்பினால் தனக்கோடி நிற்கிறாள். "இன்னா தேடுற மாமா? அது எங்கிட்ட கீது. வந்த அன்னிக்கே எடுத்துட்டேன். கேளு, குடுக்குறேன்."

நான் டிரம் மூடியை எடுத்து மூடினேன்.

"வாயத் தொறந்து கேளு. வோணும்னு சொல்லு. இல்ல, பயமா கீதுன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு சொல்லேன். அஞ்சு வருசமா ஊமையாட்டம் இருந்தா நான் இன்னாத்தக் கண்டேன்?" குரல் உடைந்துவிட்டது அவளுக்கு.

ரெண்டும் என் வாயில் வரல. கையெல்லாம் அரிசி. அப்படியே நின்னேன். அவ அழுதா. நானும்.

11.11.93

எண்பத்திரண்டு. வாயைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் வாலாவுக்குச் சொந்தக்காரரிடம் திறப்போம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். கஸ்தூரிரங்கன் சார் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வாலா என்னால முடியாதுங்க."

"கையில பட்டுடுமேன்னு பயப்படாதீங்கோ. நீள ஊதுபத்தி வாங்கியாச்சு."

"கை இல்லைங்க. காது. அப்புறம் உள்ள."

சொல்லிவிட்டேன். எண்பத்தெட்டில் யாழ்ப்பாணப் பக்கம் கான்வாயில் என் லாரி மூன்றாவது. இரண்டாவதை ஓட்டியவன் மார்த்தாண்டத்து அசரியா. அன்று காலை என் சீப்பை வாங்கித் தலை வாரினான். "அடுத்த ஹால்ட்ல தரேன்டே" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த ஹால்ட் வரவில்லை. கண்ணிவெடி. அவன் வண்டி ஹாரன் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. இவ்வளவையும் நான் முன்பு யாரிடமும் சொன்னதில்லை, தனக்கோடியிடம்கூட.

அவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார். பிறகு, "மூணு வருஷமா உங்க பாட்டிலை வாங்கிண்டு போறேன். நீங்க எதுக்குக் குடிக்கறேள்னு ஒரு நாள் கேட்டேனா?" என்றார். என்னிடம் கேட்டாரா, அவரையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை.

அப்புறம் பாங்க்காரர் மூளை வேலை செய்தது. "மதுராந்தகம் பிராஞ்ச்ல இருந்தப்போ பார்த்திருக்கேன். வேடந்தாங்கல்ல பட்சிகள் பயந்துடுமேன்னு தீபாவளிக்குக்கூட வெடிக்க மாட்டா. எங்க பழைய பியூன் தோட்டத்து வீடு இருக்கு. ரெண்டு பேரும் போய் இருங்கோ."

"அப்ப வாலா?"

"என் மாப்பிள்ளை கொளுத்துவான். தீபாவளிக்கு வந்து வேற என்ன கிழிக்கப்போறான்?"

வீட்டுக்கு வந்து தனக்கோடியிடம், "பயமா கீது" என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பைக்குள் புடவையை மடித்து வைக்க ஆரம்பித்தாள். என் பட்டாசுப் பெட்டி சங்கத்துக்குப் போயிற்று. பாட்டிலை அவளே கிணற்றடியில் கவிழ்த்தாள். அங்கே நிற்கும் செம்பருத்தி என்ன ஆகுமோ!

13.11.93, சனி, வேடந்தாங்கல்

எண்பத்து நான்கு. தீபாவளி. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். காது தானாகக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. ஐந்து மணி, ஆறு மணி, மழைத் தூறல். அப்புறம் ஏரியிலிருந்து ஒரே சத்தம். ஆயிரக்கணக்கில் கூச்சல், சண்டை, சிறகடிப்பு. பத்தாயிரம் வாலாதான். ஆனால் யாரும் சாகவில்லை.

வீட்டுக்காரர் அதிரசம் கொண்டுவந்தார். "உங்க ஊரு மாதிரி இங்க வெடி கிடையாது சார். கொழந்தைங்களுக்கு மத்தாப்புதான். அதுங்க பயப்படும்ல?" என்று ஏரியைக் காட்டினார். "நானும் அந்த பேட்ச்தாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தனக்கோடி மட்டும் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். புதுப் புடவையில் துளி அழுக்கில்லை.

கரையில் உட்கார்ந்து அவளுக்கு அசரியாவைப் பற்றிச் சொன்னேன். "அதான் வூட்ல என் சீப்பையே எடுத்துக்கினு திரியிறியா?" என்றாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது, ஐந்து வருஷமாக நான் சீப்பு வாங்கவில்லை.

16.11.93

எண்பத்தேழு. மாப்பிள்ளை கொளுத்திய வாலா மழையில் நனைந்து பாதியில் அணைந்துவிட்டதாம். கஸ்தூரிரங்கன் சார் துக்கம் விசாரிப்பது போலச் சொன்னார்.

1.12.93, புதன்

கேன்டீன் போனேன். கௌன்டரில், "கோட்டா எடுக்கலையா?" என்றார்கள். வேண்டாம் என்றேன். பின்னால் நின்றவர் என்னை ஏதோ நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். சோப்பு நாலு, ஒரு சீப்பு வாங்கினேன்.

இனி கோட்டா இல்லை என்று தெருவில் முன்பே சொல்லிவைத்திருந்தேன். கேட்டில் யாரும் இல்லை. ஆறு மணி, ஏழு மணி. எனக்குச் சோர்வாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஏழரைக்குக் கேட் சத்தம். கஸ்தூரிரங்கன் சார். கையில் அதே மஞ்சள் பை. நான் பையைப் பார்த்தேன், அவரும் குனிந்து பார்த்தார்.

"ஐயையோ, பழக்க தோஷம்! சும்மாத்தான் கிளம்பினேன், கை தானா எடுத்துண்டு வந்துடுத்து" என்றார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. சோபாவில் உட்கார்ந்தார். ஒட்டவில்லை. கவரைப் போன வாரமே நான் கழற்றிவிட்டேன். எட்டரை வரை மாப்பிள்ளையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். தனக்கோடி அவர் பை நிறைய முருங்கைக்காய் போட்டுக் கொடுத்தாள்.

"வரேன் முனிரத்தினம்" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினார்.

இதை எழுத உட்கார்ந்தபோது தனக்கோடி, "இன்னிக்கு எத்தினியாம் நாளு?" என்று கேட்டாள். விரல் விட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. நான்கைந்து நாளாக நான் எண்ணவே இல்லை.