சத்தம் வைக்காத பாட்டுப் படம்

அல் கோபார் கேம்ப், சவூதி,
ஞாயிறு

ரெனீஷ்,

மாயாண்டி அண்ணன் பெல்ட் மாட்டாமல் சாரத்தில் ஏறி விழுந்தார் என்று நீ பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மறுவாரமே உனக்கு லீவு கிடைத்தது. நாலு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாய். அதனால்தான் இந்தக் காகிதம். இன்று ஊருக்கு வரும் செல்வசிங் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பழைய இங்கிலீஷ் படத்தைப் போட்டேன். எவனோ டிவியோடு விட்டுப்போன பென்டிரைவில் இருந்த ஒரே படம். சலவைக்கூடத்துப் பெண்கள், கருப்பு வெள்ளை, மூன்று வீட்டுக்கும் செட்டில் ஒரே மாடிப்படி. துணியில் வரைந்த வானத்தைப் பார்த்து அண்ணன், "வானத்துல மடிப்பு தெரியுதேப்பா, இத்தனை பேரு துவைக்கிறாளுக, ஒருத்தி இஸ்திரி போடக் கூடாதா" என்பாரே.

நைட் டியூட்டிக்காரர்கள் தூங்குவார்கள் என்று நாம் சத்தம் வைத்ததே இல்லை. அந்தப் பெண்கள் வாய் திறந்தாலே முதலாளியோடு சண்டை என்று நினைத்தோம். நீதான் ரகசியக் குரலில் டப்பிங் கொடுப்பாய்: "லே முதலாளி, இவளுக்க கை வெந்து கெடக்கு, நீ என்ன செய்யப்போற?" அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

பெருநாள் லீவில் ரூம் காலியானபோதுதான் சத்தம் வைத்தோம். எல்லாம் காதல் பாட்டு. நாம் உருண்டு சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. "நாயம் கேக்குற புள்ளைகன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்று அவரே சத்தத்தை நிறுத்தினார். பிறகு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் உன் அக்கா எலிசா அந்தப் படத்தின் மூல நாவலைத் தேடிப் படித்துச் சொன்னார்கள்: புத்தகத்தில் சண்டைதானாம், கொதிநீரில் வெந்த ஒருத்திக்காக எல்லோரும் வேலையை நிறுத்துகிறார்களாம், படம் எடுத்தவர்கள் அதை வெட்டிவிட்டுப் பாட்டு வைத்தார்களாம். "நம்ம ரெனீஷ் சொன்னதுதாம்ப்பா சரி" என்று அண்ணன் ஒரு வாரம் சைட் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இப்போது அந்த அக்காவின் வார்டில்தான் இடுப்பு முறிந்து கிடக்கிறார். உன்னைத் திட்டவில்லை. "புள்ளைக்காரன், பயந்திருப்பான்" என்கிறார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கம்பெனிக்காரர்கள் தவறு அவருடையது என்று எழுதி, வியாழக்கிழமை நஷ்டஈடு இல்லாமல் வெறுங்கையோடு அவரை விமானம் ஏற்றப் போகிறார்கள்.

அண்ணனின் பெல்ட் கொக்கி உடைந்திருந்ததை அன்று காலையில் சூப்பர்வைசரிடம் காட்டியவன் நீ. "மாஃபி முஷ்கில், யல்லா", ஒரு பிரச்சினையும் இல்லை, சீக்கிரம் என்று அவன் ஏறச் சொன்னதாக அன்றே என்னிடம் சொன்னவனும் நீ. நான் கீழே நின்றவன். என் சொல் செல்லாது என்கிறார்கள்.

உன் மகளுக்கு என் முத்தம். கர்த்தர் உன் வீட்டைக் காக்கட்டும்.

பார்த்ததை உன் கையால் எழுது. தமிழிலேயே எழுது. கையெழுத்துப் போட்டு, போனில் படமெடுத்துப் புதன்கிழமைக்குள் அக்காவுக்கு அனுப்பு.

சுபின்